ஐந்து அடிக்கு இருபது நிமிடம்: இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து பாடம் பேசிப் பதிவு செய்வது எப்படி

தேர்வு நெருங்கும்போது மாணவர் கையில் பாடநூல் இருக்கும், உரைநூல் இருக்கும், வினா வங்கியும் இருக்கும். ஒரு வரியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் "இதை இப்படி எடுத்துக்கொள்ளலாமா, அப்படி எடுத்துக்கொள்ளலாமா" என்று யோசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு மட்டும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. வகுப்பில் ஆசிரியர் ஒருவர்தான் பேசுகிறார், அவரும் முடிவைத்தான் சொல்கிறார். அந்த முடிவுக்கு அவர் வந்த வழியை மாணவர் பார்ப்பதே இல்லை. அதனால்தான் பாடத்தில் இல்லாத ஒரு பாட்டையோ காட்சியையோ கொடுத்து எழுதச் சொன்னால் பேனா நகர மறுக்கிறது.

இரண்டு ஆசிரியர்கள் ஒரு பாட்டையோ கதையையோ படக்காட்சியையோ பேசி, அதை ஒலிப்பதிவாக மாணவருக்கு அனுப்புவது இந்தக் குறைக்கு நல்ல மருந்து. செலவு கிடையாது, ஒரு கைப்பேசி போதும். ஆனால் தயாரிப்பு இல்லாமல் உட்கார்ந்தால் இருபது நிமிடமும் வீண். இதுவரை இதைச் செய்து பார்க்காத தமிழாசிரியர்களுக்காக முழு வேலையையும் வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் அளவைக் குறையுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு பெரிய பகுதியை எடுப்பது. "இன்று சிலப்பதிகாரம்" என்று தொடங்கினால் கதைச் சுருக்கம் சொல்வதிலேயே நேரம் தீர்ந்துவிடும். கதைச் சுருக்கம் உரைநூலிலேயே இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு சங்கப் பாட்டு போதும். சிறுகதையென்றால் ஒரு பக்கம், நாவலென்றால் ஒரு நிகழ்ச்சி, திரைப்படமென்றால் மூன்று நிமிடக் காட்சி ஒன்று. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 அடி முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். இந்தப் பயிற்சிக்கென்றே அளந்து வைத்த மாதிரி.

பகுதியைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதைப் பற்றி நீங்கள் இருவரும் உண்மையாகவே வேறுபடக்கூடிய கேள்வி ஒன்றாவது இருக்கிறதா? இல்லையென்றால் வேறு பகுதியைத் தேடுங்கள். இருவருக்கும் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிற பகுதியில் உரையாடல் பிறக்காது. ஒருவர் சொல்ல மற்றவர் "ஆமாங்கய்யா" போடும் நிலைதான் வரும்.

தனித்தனியாகப் படித்துவிட்டு வாருங்கள்

பதிவுக்கு இரண்டு நாள் முன்பே பகுதியை முடிவு செய்துகொண்டு, இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். உரையைத் திறப்பதற்கு முன் மூலத்தை மூன்று முறை படியுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் குறிப்பு வேண்டாம். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: உங்களை நிறுத்திய சொல் ஒன்று, புரியாமல் போன இடம் ஒன்று, மாணவர் வழக்கமாகத் தவறாக எழுதும் இடம் ஒன்று.

குறிப்பைப் பரிமாறிக்கொள்ளாதீர்கள். கேள்விகளை மட்டும் ஒருவருக்கொருவர் முன்னதாகச் சொல்லலாம், பதில்களைச் சொல்லக்கூடாது. பதிலையும் சொல்லிவிட்டால் பதிவில் அது நாடகமாகிவிடும். தெரிந்ததையே தெரியாததுபோலக் கேட்கும் குரலைப் பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். முழு உரையாடலையும் எழுதிவைத்து வாசிப்பது அதைவிட மோசம். எழுத்துத் தமிழை இருவர் மாறி மாறி வாசித்தால் அது அறிவிப்புப் பலகையின் ஒலி வடிவம்.

ஒரு பாட்டை வைத்துப் பார்ப்போம்

குறுந்தொகை 40ஆம் பாட்டு. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு என்பதால்தான் இதை எடுக்கிறோம். தெரிந்த பாட்டில்தான் பார்க்காமல் தாண்டிப் போன இடங்கள் அதிகம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

முதல் வேலை, வாய்விட்டுப் படிப்பது. இரண்டு முறை படிக்க வேண்டும், இரண்டு விதமாக. முதல் முறை சீர் பிரித்தபடி, ஓசைக்காக. இரண்டாம் முறை சொல் பிரித்து, பொருளுக்காக: யார் ஆகியரோ, எவ்வழி அறிதும், பெயல் நீர், தாம் கலந்தனவே. இதைச் செய்யாவிட்டால் மாணவர் சீர் இடைவெளியைச் சொல் இடைவெளியாக எடுத்துக்கொள்வார்கள். 'தாங்கலந்' என்று ஒரு சொல் இருப்பதாக நினைத்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு, அதற்குள் 'தாம்' ஒளிந்திருப்பது கடைசிவரை தெரியாது. இந்தப் பாட்டின் கனமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். அது பின்னால் வரும்.

படித்து முடித்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி: பேசுவது யார்? விடைத்தாள்களில் "கவிஞர் கூறுகிறார்" என்றோ "தலைவி கூறுகிறாள்" என்றோ எழுதுகிறவர்கள் ஏராளம். பேசுகிறவன் தலைவன். 'யாய்' என் தாய், 'ஞாய்' உன் தாய். 'எந்தை' என் தந்தை, 'நுந்தை' உன் தந்தை. இந்த நாலு சொல்லையும் வேகமாகக் கடந்துவிடாமல், இன்றைக்கு நாம் 'எங்கம்மா, உங்கம்மா' என்று இரண்டு சொல்லில் சொல்வதை அன்றைய தமிழ் ஒவ்வொன்றும் ஒரே சொல்லாக வைத்திருந்ததைக் காட்டுங்கள். அரை நிமிடம் போதும், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

அடுத்தது துறை, அதாவது எந்தச் சூழலில் யார் சொன்னது என்று பாட்டின் கீழே வரும் குறிப்பு. தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள், அவள் குறிப்பு மாறியதைக் கண்டு தலைவன் சொல்கிறான் என்கிறது துறைக்குறிப்பு. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடாதீர்கள். முதலில் துறை இல்லாமல் பாட்டை மட்டும் வைத்துப் பேசி, ஐந்து நிமிடம் கழித்துத் துறையைக் கொண்டுவாருங்கள். அப்போது பாட்டு கண்முன்னாலேயே திரும்பும். வியப்பாகக் கேட்ட மூன்று கேள்விகளும் ஆறுதல் சொல்லும் கேள்விகளாக மாறிவிடும். அந்த இடத்தில் பேச்சு எப்படிப் போகலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

"ஐயா, துறையைப் பாக்காம படிச்சா இதுல பயமே தெரியலையே. ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்குற மாதிரிதானே இருக்கு?"

"சந்தோஷம் இருக்கும்மா. ஆனா சந்தோஷமா இருக்குறவன் எதுக்கு எங்கம்மா யாரு, உங்கம்மா யாருன்னு ஆரம்பிக்கணும்?"

"ஆச்சரியத்துல கேக்கலாம்ல?"

"கேக்கலாம். அப்போ கடைசி அடியில 'தாம்' எதுக்கு வந்துச்சு? நெஞ்சம் கலந்தனன்னு சொன்னாலே போதுமே."

"தானாவே கலந்துச்சுன்னு சொல்றான். யாரும் கலக்கி வைக்கல."

"அதான். யாரும் சேத்து வைக்கலன்னா யாரும் பிரிக்கவும் முடியாது. அவ பயத்துக்கு அதுதான பதில்?"

"அது துறை தெரிஞ்ச பிறகு நீங்க சொல்றது ஐயா. துறை இல்லாம எனக்கு அது இன்னும் ஆச்சரியமாத்தான் கேக்குது."

இந்த ஏழு பேச்சில் முடிவு எதுவும் அறிவிக்கப்படவில்லை, ஆனால் சான்று வந்துவிட்டது. இப்படிப் பேசிக்கேட்ட மாணவர், "தலைவியின் அச்சத்தைத் தலைவன் போக்குகிறான்" என்று எழுதும்போது கூடவே 'தாம்' என்ற சொல்லையும் எழுதுவார். துறைக்குறிப்புகள் பாடியவரே எழுதியவை அல்ல, பின்னால் சேர்க்கப்பட்டவை என்பது அறிஞர் பலரின் கருத்து. இதையும் ஒரு வரியில் சொல்லிவைத்தால், துறையோடு படிப்பது, துறையில்லாமல் படிப்பது என்ற இரண்டு வழியும் மாணவருக்கு நியாயமாகப் படும்.

பிறகு உவமைக்கு வாருங்கள். "செம்மண்ணும் நீரும் கலந்தது போல" என்று எழுதி நிறுத்திவிடுவது வழக்கம். இரண்டு கேள்வி கேட்டால் உவமை திறக்கும். மழை நீர் எங்கிருந்தோ வருகிறது, மண் இங்கேயே கிடக்கிறது. முன்பின் அறியாத இருவர் என்று மூன்று அடியில் சொன்னதோடு இது எப்படிப் பொருந்துகிறது? கலந்த பிறகு நீருக்கு நிறம் வந்துவிட்டது, அந்த நிறம் யாருடையது? இதைக் கேட்டால் எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை எழுந்து, "ஐயா, கொஞ்ச நேரத்துல மண்ணு அடியில தங்கி தண்ணி தெளிஞ்சிருமே" என்று சொல்லும். நல்ல கேள்வி, ஒதுக்காதீர்கள். பதிவில் உங்களில் ஒருவரே அதைக் கேளுங்கள். உவமையில் சொல்ல வந்த கூறை மட்டும் கொள்ள வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். தலைவியின் அச்சத்தின் நிழல் உவமைக்குள்ளேயும் கிடக்கிறது என்று மற்றவர் சொல்லலாம். தீர்ப்புச் சொல்லாமலே அடுத்த இடத்துக்குப் போகலாம்.

யாப்பையும் இங்கேயே இணைத்துவிடுங்கள். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி (கடைசிக்கு முந்தின அடி) முச்சீராக வரும் என்று இலக்கணப் பாடத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். இந்தப் பாட்டின் நான்காம் அடியை எண்ணச் சொல்லுங்கள்: செம்புலப், பெயனீர், போல. மூன்றே சீர். உவமை அந்தக் குறுகிய அடியில் தனியாக நிற்கிறது. குரல் அங்கே சற்று நின்று, பிறகு கடைசி அடிக்குள் இறங்குகிறது. "எல்லா நேரிசை ஆசிரியப்பாவுக்கும் அதுதானே விதி, இதில் புலவரின் தனிச்சிறப்பு என்ன" என்று மற்ற ஆசிரியர் கேட்க வேண்டும். விதி பொதுதான், உவமையை அந்த அடிக்குள் சரியாக அடக்கியது புலவரின் வேலை என்று பதில் வரட்டும். பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. இந்த உவமையாலேயே செம்புலப்பெயனீரார் என்று பெயர் பெற்றார். இலக்கணத்துக்கும் கவிதைக்கும் நடுவில் பிள்ளைகள் மனதில் நிற்கும் சுவரில் இப்படித்தான் வாசல் வைக்க முடியும்.

நேரத்தைப் பங்கிடுவது

முதல் ஒரு நிமிடத்தில் எந்தப் பகுதி, எந்தப் பக்கம், இன்றைய கேள்வி என்ன என்பது வந்துவிட வேண்டும். வணக்கம், வாழ்த்து, நூல் வரலாறு எல்லாவற்றையும் தொடக்கத்தில் அடுக்கினால் கேட்கிற பிள்ளை பாட்டு வருவதற்குள் போய்விடும். அடுத்த மூன்று நிமிடம் வாசிப்பும் சொற்பொருளும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் உண்மையான பேச்சு. கடைசி மூன்று நிமிடம், பேசியதை விடையாக எழுதுவது எப்படி என்பதற்கு. புலவர், தொகுத்தவர், நூல் அமைப்பு போன்ற குறுவினாச் செய்திகளை ஒலியில் சொல்லவே வேண்டாம், கூட அனுப்பும் தாளில் எழுதிவிடலாம்.

யார் எதைச் செய்வது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் நேரம் பார்ப்பவர், பேச்சு வழிமாறினால் பாட்டுக்கு இழுத்துவர வேண்டியது அவர் பொறுப்பு. மற்றவர் சான்று கேட்பவர். "எந்தச் சொல்லை வைத்துச் சொல்றீங்க?" என்ற கேள்வியைக் குறைந்தது நான்கு முறையாவது அவர் கேட்க வேண்டும். மூத்தவர், இளையவர் என்று இருவர் உட்கார்ந்தால் சான்று கேட்கும் வேலையை இளையவரிடமே கொடுங்கள். மூத்தவர் சொன்னதை இளையவர் மரியாதையோடு மறுக்கும் இடத்தை மாணவர் ஒரு முறையாவது கேட்க வேண்டும். "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற எண்ணம் இலக்கியப் படிப்புக்கு ஆகாது.

படக்காட்சியைப் பேசுவது எப்படி

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'திரைமொழி' ஒரு பாடமாகவே சேர்ந்த பிறகு, படத்தைப் பனுவலாகப் படிக்கச் சொல்லித்தரும் பொறுப்பு தமிழாசிரியர்களுக்கும் வந்துவிட்டது. இங்கே தடுமாற்றம் அதிகம். படத்தைப் பேசச் சொன்னால் கதையையும் நடிகரையும் மட்டுமே பேசிவிட்டு வருகிறோம்.

காட்சியை மூன்று முறை பாருங்கள். முதல் முறை வழக்கம்போல. இரண்டாம் முறை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, ஒலியை மட்டும். ஒலி இல்லாமல் பார்க்கும்போது கேமரா எங்கே நிற்கிறது, யார் முகத்தை எவ்வளவு நேரம் காட்டுகிறது என்பது தெரியும். ஒலியை மட்டும் கேட்கும்போது, கதாபாத்திரத்துக்குச் சேதி தெரிவதற்கு முன்பே இசை நமக்குச் சொல்லிவிடுகிறதா என்பது பிடிபடும்.

பிறகு ஷாட் எண்ணுங்கள். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் ஓடும் துண்டுதான் ஷாட். கைப்பேசியில் படத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு வெட்டிலும் நிறுத்தி, ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு எழுத வேண்டும்: எண், என்ன தெரிகிறது, அண்மையா சேய்மையா, எத்தனை விநாடி. மூன்று நிமிடக் காட்சியில் முப்பது, நாற்பது ஷாட் வருவது சாதாரணம். அரை மணி நேரம் பிடிக்கும் சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. எழுதி முடித்ததும் மிக நீளமான ஷாட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இயக்குநர் வெட்டாமல் விட்ட இடம் அது, ஏன் வெட்டவில்லை என்ற கேள்வியே உங்கள் உரையாடலின் தொடக்கம். இன்னொரு கேள்வியும் எப்போதும் பயன் தரும். ஒருவர் வசனம் பேசும்போது கேமரா பேசுகிறவர் முகத்தில் இருக்கிறதா, கேட்கிறவர் முகத்தில் இருக்கிறதா?

வெட்டு எப்படிப் பொருள் தருகிறது என்பதற்கு ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவின் பழைய சோதனையைச் சொல்லலாம். ஒரே முகம், மாறாத ஒரே பார்வை. அடுத்து ஒரு கிண்ணம் சூப் வந்தால் பசியாகத் தெரிகிறது, இறந்த குழந்தை வந்தால் துயரமாகத் தெரிகிறது. ஒலிப்பதிவில் படத்தைக் காட்ட முடியாது என்பதால், மாணவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். நண்பனின் வெறித்த முகத்தைப் புகைப்படம் எடுத்து, அதன் பக்கத்தில் சோற்றுத் தட்டு ஒரு முறை, காலியான நாற்காலி ஒரு முறை. இரண்டு நிமிட வேலை, ஆயுளுக்கும் மறக்காது.

நடிப்பைப் பேச நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது, அதை எடுக்காமல் "சூப்பரா நடிச்சிருக்கார்" என்று நிறுத்திவிடுகிறோம். மனத்தின் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்தெந்த நிலைக்களத்தில் பிறக்கும் என்றும் நான்கு நான்காகச் சொல்கிறது. அழுகை என்றால் இளிவு (இழிவுபடுதல்), இழவு (இழத்தல்), அசைவு (நிலை தளர்தல்), வறுமை. ஆகவே "பாத்திரம் அழுகிறது" என்பதோடு நிற்காமல், இது இழப்பில் வந்த அழுகையா, இழிவுபட்டதில் வந்த அழுகையா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மாணவர் காட்சியை மறுபடி பார்த்தே தீர வேண்டும்.

நாவலும் படமும் ஒன்றாக வரும்போது

எழுத்திலிருந்து படமானவற்றை எடுத்தால் தொடங்கின உடனே ஒரு பள்ளம் காத்திருக்கிறது: எது சிறந்தது என்ற வாக்குவாதம். "நாவல் மாதிரி வரல" என்ற தீர்ப்போடு பேச்சு முடிந்துவிடும். அதற்கு அடுத்த பள்ளம், மாற்றங்களைப் பட்டியல் போடுவது. பட்டியலில் பத்து மாற்றம் இருந்தாலும் பேச வேண்டியது ஒன்றுதான். எந்த ஒரு மாற்றம் மற்ற மாற்றங்களுக்கெல்லாம் காரணம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. அதை வைத்து வெற்றிமாறன் 2019இல் 'அசுரன்' எடுத்தார். நாவல் சிதம்பரம் என்ற சிறுவனின் பக்கமே நிற்கிறது. கையை வெட்டத்தான் நினைத்தான், அது கொலையாகிவிட்டது, அங்கே கதை தொடங்குகிறது. அண்ணனைக் கொன்றதற்கான பழி அது. படம் அப்பா சிவசாமியை நடுவில் வைத்துவிட்டது. தாய்மாற்றம் இதுதான். அப்பா நடுவுக்கு வந்ததால் அவருடைய இளமைக்காலம் பெரிய முன்கதையாக விரிய வேண்டியிருந்தது. அது விரிந்ததால் பஞ்சமி நிலமும் குடிசை எரிப்பும் படத்துக்குள் வந்தன. அவ்வளவையும் அனுபவித்தவர் என்பதால்தான் கடைசியில் மகனிடம் படிப்பைப் பற்றிப் பேசும் தகுதி அவருக்கு வருகிறது. ஒரு மாற்றத்தைப் பிடித்து இழுத்தால் மற்றவை தானே கூட வருகின்றன என்பதை மாணவர் காதால் கேட்டுவிட்டால், வேறு எந்த நாவல், படத்தையும் அவர்களால் இப்படிப் பார்க்க முடியும். நாவலிலிருந்து படம் இழந்தது எது என்பதையும் மற்ற ஆசிரியர் சொல்லட்டும். சிறுவனின் கண்ணால், அவன் அறிந்த காடு கரையின் வழியாக மட்டுமே எல்லாவற்றையும் பார்க்கும் நெருக்கம் படத்தில் குறைந்துவிட்டது என்று வாதிட இடமிருக்கிறது.

இங்கே மெய்ப்பாட்டைப் பொருத்திப் பாருங்கள். வெகுளி பிறக்கும் நான்கு களங்கள்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுத்தல், குடியைச் சார்ந்தவரை நலிதல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்ல முற்படுதல். சிதம்பரத்தின் கோபம் எந்தக் களத்தில் பிறந்தது, சிவசாமி இளமையில் கொண்ட கோபம் எந்தக் களத்தில் பிறந்தது என்று ஒரு கேள்வி வைத்தால் எட்டு நிமிடம் ஓடுவதே தெரியாது.

இந்த மாதிரிப் பனுவல்களில் மூன்று எச்சரிக்கை. சாதிக் கொடுமையைப் பற்றிப் பேசும்போது பனுவலில் உள்ள சான்றை விட்டு நகராதீர்கள். நிலம், செருப்பு, வழிநடை என்று கண்ணுக்குத் தெரிவதை வைத்தே பேசுங்கள். எந்த மாணவரையும் அவர் சமூகத்தின் பிரதிநிதியாக நிறுத்திப் பேசச் சொல்லக்கூடாது, பதிவிலும் கூடாது, வகுப்பிலும் கூடாது. இரண்டாவது, வன்முறைக் காட்சியை எடுக்காமல் அதற்கு முந்தியதையோ பிந்தியதையோ எடுங்கள். பெரும்பாலும் பேச அதிகம் இருப்பதும் அங்கேதான். மூன்றாவது, வட்டார வழக்கு. கரிசல் பேச்சு உங்கள் வாயில் இயல்பாக வராது என்றால் பாவனை செய்யாதீர்கள். எழுதியிருப்பதை எழுதியபடி நிதானமாக வாசித்தால் போதும். பாவனை செய்தால் அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது கேலியாகக் கேட்கும்.

பதிவு செய்யும் நாள்

பெரிய வகுப்பறை வேண்டாம், எதிரொலிக்கும். நூலகம் நல்ல இடம், புத்தக அடுக்குகள் எதிரொலியை விழுங்கும். அது இல்லாவிட்டால் திரைச்சீலையும் துணிகளும் இருக்கும் சின்ன அறை. மின்விசிறியை நிறுத்துங்கள். பேசும்போது உங்கள் காதுக்குத் தெரியாத விசிறிச் சத்தம் பதிவில் மழைபோலக் கேட்கும். அழைப்பு வராதபடி கைப்பேசியை 'ஏரோபிளேன் மோடில்' வையுங்கள். மேசையில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் கைப்பேசியை வைத்தால், மேசையில் கை பட்டாலும் இடிச்சத்தம் ஏறாது.

ஒரே கைப்பேசி என்றால் இருவரும் அடுத்தடுத்து நெருங்கி உட்கார்ந்து, இருவர் வாயிலிருந்தும் ஏறத்தாழ ஒன்றரைச் சாண் தூரத்தில் அது இருக்கும்படி வையுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் குரல் எப்போதும் தூரத்தில் கேட்கும். இரண்டு கைப்பேசி இருந்தால் இன்னும் நல்லது. ஆளுக்கொன்றாகப் பதிவு செய்து, தொடக்கத்தில் ஒரு முறை கை தட்டினால் பிறகு அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம்.

முதலில் ஒரு நிமிடம் மட்டும் பதிவு செய்து, இயர்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, இருபது நிமிடம் பேசி முடித்த பிறகு ஒருவர் குரலே ஏறவில்லை என்று கண்டுபிடிப்பது அடிக்கடி நடப்பது. பேச்சில் தடுமாறினால் நிறுத்த வேண்டாம். இரண்டு விநாடி மௌனமாக இருந்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். வெட்டும்போது மௌனம் அடையாளமாக உதவும். யோசிக்கும் இடைவெளிகளை முழுக்க வெட்டிவிடாதீர்கள். ஆசிரியரும் யோசிக்கிறார் என்று பிள்ளைகள் கேட்க வேண்டும்.

ஒலிக் கோப்பை மோனோவாக (ஒற்றைத் தட ஒலியாக), 64 கேபிபிஎஸ் எம்பி3ஆக மாற்றினால் இருபது நிமிடம் 10 எம்பிக்குள் அடங்கும். டேட்டா குறைவாக இருக்கும் மாணவருக்கும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும். கோப்பின் பெயரில் வகுப்பு, இயல் எண், பாட்டின் பெயர் மூன்றும் இருக்கட்டும். 'ஆடியோ 17' என்று அனுப்பினால் தேர்வுக்கு முந்தின இரவு யாராலும் தேடி எடுக்க முடியாது.

படத்தின் ஒலியை உங்கள் பதிவில் சேர்க்க ஆசை வரும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு திறனாய்வுக்கும் கற்பித்தலுக்கும் சில விலக்குகளைத் தருகிறது. ஆனாலும் பொதுத் தளத்தில் ஏற்றினால் இசை இருக்கும் துண்டுகளைத் தானியங்கி முறை தடுத்துவிட வாய்ப்பு அதிகம். காட்சி படத்தில் எந்த நிமிடத்தில் வருகிறது என்று தாளில் எழுதிவிட்டு, வசனத்தை நீங்களே ஒரு வரி வாசித்துக் காட்டுவது தலைவலி இல்லாத வழி.

ஒலியோடு ஒரு தாளும் போக வேண்டும்

வெறும் ஒலியைக் கேட்டால் காது வழியே வந்து காது வழியே போய்விடும். ஒரே பக்கத் தாள் ஒன்று கூட அனுப்புங்கள். மேலே மூலம், சொல் பிரித்து. நடுவில், எந்த நிமிடத்தில் எதைப் பேசுகிறோம் என்ற குறிப்பு. கீழே மூன்று கேள்வி. மூன்றில் ஒன்று, நீங்கள் இருவரும் தீர்க்காமல் விட்டதாக இருக்கட்டும். கேட்பதற்கு முன் மூலத்தை ஒரு முறை தாங்களே படித்துவிட்டுக் கேட்கும்படி மாணவரிடம் சொல்லுங்கள். படிக்காமல் கேட்டால் உங்கள் கருத்தே அவர்கள் கருத்தாகிவிடும்.

விடை எழுதும் பகுதியை மூன்று வாக்கியமாகப் பழக்கலாம். கருத்து: 'இருவர் நெஞ்சமும் கலந்ததற்கு வேறெவரும் காரணமல்லர் என்று தலைவன் உறுதி சொல்கிறான்.' சான்று: 'அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே.' விளக்கம்: 'தாம் என்ற சொல், கலப்பு தானாக நிகழ்ந்ததைக் காட்டுகிறது. அதனால் பிரிவு பற்றிய தலைவியின் அச்சம் தணிகிறது.' சிறுவினாவுக்கு இப்படி ஒரு கட்டு, நெடுவினாவுக்கு இப்படி மூன்று நான்கு கட்டு. மாணவர் விட்டுவிடுவது பெரும்பாலும் மூன்றாவது வாக்கியத்தைத்தான். மேற்கோளைப் போட்டுவிட்டு, அது என்ன சொல்கிறது என்று விளக்காமல் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

பதிவு போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் ஐந்து விடைத்தாளை மட்டும் எடுத்துப் படியுங்கள். ஐந்திலும் நீங்கள் சொன்ன வாக்கியம் அப்படியே இருந்தால், பதிவில் நீங்கள் முடிவை மிகவும் அழுத்திச் சொல்லிவிட்டீர்கள். அடுத்த முறை கேள்வியோடு நிறுத்துங்கள். ஐந்தில் மூன்றில் ஒரே பிழை இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சின்னப் பதிவு போடுங்கள், அந்தப் பிழைக்கு மட்டும். நீங்கள் இருவருமே பார்க்காத சொல் ஒன்றைப் பிடித்து ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அனுமதி கேட்டு அந்த விடையிலிருந்து அடுத்த பதிவைத் தொடங்குங்கள்.